சீர் வந்த தேக்குக் கட்டில்

தேக்கு மரத்தைப் பற்றி யாராவது என் முன்னால் பெருமை பேசினால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். கறையான் தொடாது, தண்ணீரில் ஊறினாலும் கோணாது, நாலு தலைமுறைக்கு நிற்கும் என்று அடுக்குவார்கள். நிற்கட்டுமே. மனுஷன் நிற்கவில்லை, மரம் நின்று யாருக்கு என்ன ஆகப்போகிறது?

வாசுதேவநல்லூரில் மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் தோப்பு இருந்தது. அதன் ஓரம் நெடுக என் தாத்தா காலத்துத் தேக்கு மரங்கள். என் அப்பாவுக்கு அந்த மரங்கள்தான் உயிர். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்த கையோடு தோப்புக்குக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டிவிட்டுத்தான் சாப்பாடு போடுவார். பசியோடு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து ஆகா ஆகா என்பார்கள். வேறு என்ன செய்வார்கள் பாவம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதுமே அதில் பெரிய மரம் ஒன்றைத் தேய்பிறை பார்த்து வெட்டினார். வளர்பிறையில் வெட்டினால் பூச்சி விழும் என்பார்கள். அறுத்த பலகையை வெயில் படாமல் மாட்டுத் தொழுவத்தில் அடுக்கி ஒரு வருஷத்துக்கு மேல் காயப்போட்டார். அதற்குள் இரண்டு நல்ல சம்பந்தம் வந்தது. பலகை காயவில்லை என்று தட்டிவிட்டார் என்றால் நம்புவீர்களா? என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு ஆசாரி எங்கள் வீட்டிலேயே தங்கி அந்தக் கட்டிலைச் செய்தார். கால்கள் கடைசல் பிடித்தவை. தலைமாட்டில் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு கிளிகள். மரத்தின் ஓரத்து வெள்ளையை ஒரு விரல்கூட விடாமல் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் வைரம் பாய்ந்த கட்டையை மட்டும் எடுத்தார்கள். மிச்சத்தில் ஒரு மணையும் அஞ்சறைப் பெட்டியும் ஆயின. வீடு முழுக்க அந்தத் தேக்கின் எண்ணெய் வாசம். என் கல்யாணப் புடவையில்கூட அதுதான் வீசிற்று.

என்னைக் கொடுத்தது சங்கரன்கோவிலில், தெற்கு ரத வீதியில். மாமனார் இல்லை. மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். மூத்தவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவர்தான் என் வீட்டுக்காரர். இளையவன் வயலைப் பார்த்துக்கொண்டான். சீர் வண்டி வாசலில் வந்து நின்றபோது என் மாமியார் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தாள். ஆட்களை விட்டுக் கவிழ்த்துப் போடச் சொல்லி, அடிப்பக்கம் குனிந்து, எங்காவது வெள்ளை தெரிகிறதா என்று நகத்தால் கீறி மோந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதற்கப்புறம்தான் ஆரத்தி எடுக்கச் சொன்னாள். என் அப்பாவுக்கோ ஒரே பூரிப்பு. சரியான சம்பந்தி வாய்த்தாள் என்று.

அது உலகச் சண்டைக் காலம். தேக்கு முழுக்கப் பட்டாளத்துக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். மரக்கடையில் கோங்கும் வேம்பும்தான் கிடைத்தன. அதனால் ஆடித் தபசுக்கு வருகிற சொந்தக்காரர்களெல்லாம் அம்மனைப் பார்த்த கையோடு எங்கள் கட்டிலையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மாமியார் கிளியைத் தடவிக் காட்டுவாள். என்னை அப்படி ஒரு நாள் தடவியிருந்தால் நான் இன்றைக்கு இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் நல்ல மனுஷன். அதிர்ந்து பேசத் தெரியாது. ஆபீசிலிருந்து வரும்போது வேட்டி மடிப்பில் எனக்குப் பூ மறைத்துக் கொண்டுவருவார். கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பார், மாமியார் இருமினால் எழுந்துவிடுவார். அவர் சுபாவமே அதுதான். அம்மா சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அவருக்கு மார்கழியில் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு அடிக்கிற காய்ச்சல் இல்லை, இறங்கவே இறங்காத டைபாய்டு. கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் உள்ளே போயிற்று. உடம்பு கரைந்து கட்டிலில் விரிப்பு மட்டும் கிடப்பது போல ஆகிவிட்டார். ஒருநாள் காலையில் நினைவு தப்பி, மூச்சு கொரகொரவென்று வந்தது. மாமியார் வந்து பார்த்தாள். மூக்கில் கை வைத்தாள். உள்ளங்காலைத் தொட்டாள். பிறகு இளையவனைக் கூப்பிட்டாள்.

“மூச்சு இழுக்கு. கீழ எறக்குங்கலே.”

எங்கள் பக்கத்தில் கட்டிலில் உயிர் போகக் கூடாது. போகிற நேரத்தில் தரையில் இறக்கி, தெற்கே தலை வைத்துக் கிடத்திவிடுவார்கள். கட்டிலிலேயே போய்விட்டால் அந்தக் கட்டில் அப்புறம் வீட்டில் இருக்கக் கூடாது, வெட்டியானுக்குக் கொடுத்துவிட வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் அவர் போகவில்லையே! கையில் சூடு இருந்தது, நான் பிடித்துக்கொண்டுதானே இருந்தேன். சொன்னேன். யார் கேட்டார்கள்? இளையவனும் வயலாள் ஒருவனுமாகத் தூக்கி, மார்கழிக் குளிரில் ஐஸாகக் கிடந்த காரைத் தரையில் ஒற்றைப் பாயில் போட்டார்கள். வாயில் பால் ஊற்றினார்கள். சொந்தக்காரர்களுக்கு ஆள் போயிற்று.

சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். முதலில் புரியவில்லை. பக்கத்தில் கட்டில் கால் தெரிந்ததும் புரிந்துவிட்டது. புரிந்த அந்த முகத்தை இத்தனை வருஷமாகியும் என்னால் விழுங்க முடியவில்லை.

“குளிருது. மேல தூக்கிப் போடச் சொல்லு” என்றார் என்னிடம்.

நான் மாமியாரிடம் ஓடினேன். அவள் அடுக்களையில் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். கண்ணைத் திறந்துவிட்டார் அத்தை, தண்ணீர் குடித்தார், மேலே தூக்கச் சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அணையப்போகிற விளக்கு ஒரு தடவை தூக்கி எரியத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டாள். எறக்கினவனை ஏற்றினால் வீட்டில் இன்னொரு உயிரைக் கேட்கும் என்றாள். நான் விடாமல் நிற்கவும் படியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஏட்டி, அவன் கட்டில்ல போயிட்டான்னா அத வெட்டியானுக்குல்லா தூக்கிக் குடுக்கணும்? இந்தக் காலத்துல இப்படி ஒரு மரம் எங்கன கெடைக்கும்? சின்னவனுக்கு நாளைக்குக் கல்யாணம் காச்சி ஆக வேண்டாமா?”

பெற்றவள் சொன்னாள் இதை. வேறொரு தாய் இப்படிச் சொன்னாள் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் காய்ச்சல் இறங்க ஆரம்பித்துவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்றார். குளிர் மட்டும் படக் கூடாது, ஏன் தரையில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். காற்றோட்டமாக இருக்கட்டுமே என்றுதான் என்று மாமியார் கூசாமல் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். இளையவன் டாக்டரின் பையை எடுத்துக்கொண்டு அவரை வாசலுக்கு அழைத்துப் போய்விட்டான்.

அன்றைக்கு மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, நானே அவரைத் தூக்கிவிடப் பார்த்தேன். கக்கத்தில் கை கொடுத்து நிமிர்த்தினேன். கனமே இல்லை. பாதி தூரம் ஏற்றியும்விட்டேன். தலை கட்டில் விளிம்பில் சாய்ந்துவிட்டது. கால்தான் வரவில்லை. அதற்குள் மாமியார் எச்சில் கையோடு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நடுவில் அவர். கடைசியில் அவர்தான் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

“விட்டுரு. அம்மா சொல்லுதபடி இருந்துக்கிடுதேன்.”

பாவி மனுஷா, அப்போதாவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என்னிடம் இருந்த புடவையையெல்லாம் அவருக்குக் கீழே மடித்துப் போட்டேன். தரையின் குளிர் அதையும் தாண்டி ஏறிற்று. நெஞ்சில் சளி கட்டியது. பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டார். பக்கத்தில் கட்டில் துவைத்த விரிப்போடு காலியாக நின்றது. துக்கத்துக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பதினாறு கழிந்ததும் அப்பா என்னை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தார். என் மாமியார் என்னுடைய பாத்திரங்களை எண்ணி எடுத்துவைத்தாள். கட்டில் என்று நான் இழுத்தேன். அதை எடுத்துப்போய் நான் என்ன அதில் சாய்ந்து படுக்கவா போகிறேன்? தாலி அறுத்தவளுக்கு இனிமேல் பாய்தான் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் அதை விட மனசில்லை. கோடாரியால் கொத்தி அடுப்பெரிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

“எம்பிள்ள கீழதான் போனான். கட்டில்ல ஒரு தோஷமும் இல்ல. தோஷம் ஒனக்குத்தான். நீ போ” என்றாள் மாமியார்.

அப்பா ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். அவர் உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி வந்தார். குறுக்குச் சட்டத்தில் தட்டிப் பார்த்தார். சின்னவனுக்கே ஆகட்டும் சம்பந்தியம்மா என்று சொல்லிவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்தார்.

புளியங்குடி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. நான் முக்காட்டுக்குள் அழுதுகொண்டு வந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

“கால்ல ஆட்டம் எதுவும் இருந்துச்சாம்மா?”

“ஆடலப்பா. கெட்டியான கட்டில். ஒங்க மருமகனுக்குத்தான் அதுல சாகக் குடுத்து வைக்கல” என்றேன்.