கறைக்குக் காவல் இருக்கும் நீலா

குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்கு முன் நீலா மூக்கை அதற்குள் விட்டு ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கிறார். லாரித் தண்ணீர்தான், தினமும் வருகிற அதே லாரிதான். ஆனாலும் முகராமல் வீட்டுக்குப் போகாது. கணவர் கழற்றிப் போட்ட சட்டை, மளிகைக் கடையில் அளந்து தரும் கடலை எண்ணெய், குப்பத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நீட்டும் காகிதம் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறார். நாற்பத்து நான்கு வயது. கணவர் பொன்னுரங்கம் பிடித்து வரும் மீனைத் திருவொற்றியூரில் தெருத்தெருவாகக் கூவி விற்கிறார். வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்த மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டது இந்தப் பழக்கம். "கண்ணு ஏமாந்துடும். தண்ணி பாக்க நல்லாத்தான் கீது. மூக்க டபாய்க்க முடியாது" என்கிறார்.

அவர் வீட்டுப் பரணில், தார்ப்பாயில் சுற்றிய வலை ஒன்று இருக்கிறது. எண்ணெயில் ஊறிக் காய்ந்து, முறுக்கிய கம்பிபோல் விறைத்துப்போனது. வெயில் ஏறினால் அதன் நாற்றம் மூன்று வீடு தாண்டும். எரித்துத் தொலை என்று சொல்லாதவர்கள் குப்பத்தில் இல்லை. இழப்பீட்டுக்கான முதல் பட்டியலில் இவர்களுடைய படகு இருந்தது, வலை விட்டுப்போனது. நீலா மறுமனு போட்டு, அலைந்து, வலையை நேரில் பார்க்க வருகிறோம் என்று அதிகாரிகளிடம் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்து வாங்கியிருக்கிறார். கறை இருக்கும்வரைதான் பேச்சு. கூரை ஒழுகினால் வீட்டில் இருக்கும் முதல் பாத்திரம் அந்த வலைக்குப் பக்கத்தில்தான் போகும்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. சலவைத்தூள் விளம்பரம் எடுக்க வந்தவர்கள். எண்ணெயில் கறுத்துப்போன மீனவரின் சட்டையை மனைவி ஒரே அலசலில் வெள்ளையாக்குகிறாள்; அவர் சிரித்துக்கொண்டே கடலுக்குப் போகிறார். அவ்வளவுதான் கதை. ஆள் பிடிக்க வந்தவர் ராயபுரத்துக்கார சாவியோ. நன்றாகப் பேசுகிறவர்.

"உங்க கஷ்டத்தத்தான்கா காட்டப் போறோம்."

"கஷ்டத்தக் காட்டி இன்னா விக்கிற?"

"சோப்புத் தூள்."

"அத்த மொதல்ல சொல்லு."

பின்னணிக்கு அந்தக் கறுத்த வலை வேண்டும், நடிகைக்குப் பக்கத்தில் நீலா நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். படகு இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம், "நின்னுட்டுத்தான் வாயேன். தூள் விக்கிறான், அவன் பொழப்பு" என்றார்.

"ஒரே அலசுல போயிடும்னு ஊருக்கெல்லாம் காட்டிட்டான்னா, செவ்வாக்கெயம வர்றவன் இன்னா கேப்பான்? ஒரு பாக்கெட்டு வாங்கி அலச வேண்டியதுதானம்மான்னு கேப்பான். நீ பதில் சொல்லுவியா?"

பொன்னுரங்கம் மறுபடி இஞ்சினுக்குக் குனிந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார், சனிக்கிழமை இவர்கள் வருகிறார்கள், யார் அனுப்பியது என்பது நீலாவின் அடுத்த கேள்வி. யாரும் அனுப்பவில்லை, நுங்கம்பாக்கத்து ஆபீஸில் உட்கார்ந்து யோசித்த கதை என்று சாவியோ தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். உண்மையாகவே இருக்கலாம். நீலா அந்தத் தலையை நம்பவில்லை. நேராகப் போய், படப்பிடிப்புக்காகக் கம்பியில் மாட்டியிருந்த கறுப்புச் சட்டையை எடுத்து முகர்ந்தார்.

"இன்னா நைனா, கெட்ட எண்ணெய்ல வெல்லம் வாசன வருது?"

"வெல்லப் பாகுல கலர் கலந்ததுக்கா. நெஜ எண்ணெய் பட்டா அந்தப் பொண்ணு கைக்கு அரிப்பு வந்துடும்ல."

நீலா கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளினார். மணிக்கட்டைச் சுற்றி, தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"வருமா? அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

சாவியோ சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான். நீலா விடுவதாக இல்லை. "பரண்ல நெஜ எண்ணெய் கீது. ஒரு முழம் அறுத்துத் தர்றேன். உன் தூளப் போட்டு கேமரா முன்னாடி அலசு. போவலன்னா அதையும் டிவில காட்டு. சம்மதமா?" இயக்குநர் பக்கத்தில் வந்து இரண்டு வாக்கியம் கேட்டார், வெயிலைப் பார்த்தார், படப்பிடிப்பைப் பத்து வீடு தள்ளி மாற்றச் சொன்னார்.

அங்கே எல்லாம் சீராக நடந்தது. நடிகை கறுப்புச் சட்டையை வாளியில் முக்கினார். கேமராவை நிறுத்தி, கடையில் வாங்கிய புது வெள்ளைச் சட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதை உதறிக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்காக எல்லோரும் வேன் பக்கம் போனபோது, வாளியில் முக்காத இன்னொரு கறுப்புச் சட்டை படகின் விளிம்பில் கிடந்தது. அதன் மேல் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

படகு அந்த வீட்டு நர்மதாவுடையது. தட்டிவிடலாம் என்று அவர் துணியை ஓங்கினார்.

"இரு நர்மதா, தட்டாத. செவ்வாக்கெயம வர்றவனுக்குக் காட்டணும்."

நீலா இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார். பக்கத்தில் கிடந்த சலவைத்தூள் பாக்கெட்டைப் பெயர் தெரியும்படி சட்டையோடு ஒட்டி நிறுத்தினார். பிறகு மணலில் குந்தி உட்கார்ந்து, எறும்புகள் தெளிவாகத் தெரியும்வரை கை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.