இருபத்திரண்டு நிமிடம் தண்ணீர் வராது

பல்கேரியாவின் ரூசே நகரில், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்களின் பணிமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் நேர அட்டவணை போட்டவர் வென்கா. ஓய்வுபெற்றபின் அட்டவணை போட அவருக்கு எதுவும் இருக்கவில்லை. எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தில் அவர் இருப்பது நான்காம் மாடி. இரண்டாம் மாடியில் இருந்த தன் இன்னொரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். செப்டம்பரில் அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. தண்ணீரை நிறுத்தப் போனால் அந்த வீட்டு வால்வின் கைப்பிடி சும்மாவே சுற்றியது.

குடியிருந்த ஆல்பெனா ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலை முடிந்து வந்தும், பகலில் எழுந்து எழுந்து வாளி மாற்றினாள்.

“சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற வீடு பாத்துக்கறேன் வென்கா அக்கா. தூங்கி ஒரு வாரமாச்சு.”

இவளுக்கு முன்பு இருந்தவன் பால்கனியில் தேனீ வளர்த்தவன். வென்காவுக்கு இவளை விட மனமில்லை.

வால்வை மாற்ற, எட்டு மாடிக்கும் போகும் பொதுக் குழாயை மூட வேண்டும். ‘சனிக்கிழமை 10 முதல் 11 வரை தண்ணீர் வராது’ என்று வாசற்கதவில் தாள் ஒட்டினார். மாலைக்குள் அதில் பதில்கள் முளைத்தன.

‘பத்து மணிக்குத்தான் குழந்தையைக் குளிப்பாட்டுவேன். மூணாம் மாடி.’

‘குளிர்காலத்துக்குச் சுட்டு வைக்க நாப்பது கிலோ குடைமிளகாய் கிடக்கு, எதுல கழுவ? ஆறாம் மாடி.’

‘தேனீக்காரனே தேவல. ஏழாம் மாடி.’

வென்கா சண்டைக்குப் போகவில்லை. பென்சிலும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். யார் எப்போது குழாயைத் திறப்பார்கள் என்று கேட்டுக் கட்டங்களை நிரப்பினார். 10:20 முதல் 10:42 வரை ஓர் இடைவெளி கிடைத்தது. அப்போது குழந்தை குளித்திருக்கும், மிளகாய் அடுப்பில் இருக்கும்.

பிளம்பர் ஸ்பாஸ் சிரித்தார். “ஒரு மணி நேர வேலைக்கு இருபத்திரண்டு நிமிஷமா?”

“அதுல சிகரெட் எத்தனை?”

“ரெண்டு.”

“காபி?”

“காபி இல்லாம எப்படிக்கா?”

“எல்லாம் 10:42க்கு மேல. புது வால்வை முன்னாடியே பிரிச்சுக் கையில வச்சுக்க.”

சனிக்கிழமை 10:20க்கு வென்கா அடித்தளத்தில் பொதுக் குழாயை மூடினார். கையில் கடிகாரம், காதில் போன். 10:40க்கு ஸ்பாஸின் குரல் கேட்டது: “தெறங்கக்கா.” திறந்தார். மேலே புது வால்வை மூடி, சமையலறைக் குழாயையும் ஸ்பாஸ் சரிசெய்தார்; பிறகு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஆல்பெனா மாலை வரை தூங்கிவிட்டு, வாளியோடு நான்காம் மாடிக்கு வந்தாள். “இந்தாங்க உங்க வாளி. நான் எங்கயும் போகல.”

இரவு வேலைக்குக் கிளம்பிய அவளை வழியனுப்ப வாசல்வரை வந்த வென்கா, கதவுத் தாளில் புதிய வரியைப் பார்த்தார்: ‘தண்ணி ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு. ஆறாம் மாடி.’

பென்சிலை எடுத்து அதன் கீழே எழுதினார்: ‘எங்க பணிமனையில அதுவும் தப்புதான். மன்னிக்கணும்.’