கரட்டு மேடும் இரண்டு பால் கேனும்

கேன் கட்டிய சைக்கிளில் மேடு ஏறினவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பால் கெடுவதற்கு முன்னால் நம் மூச்சு கெட்டுவிடும்.

எண்பதாம் வருஷ வாக்கில், என் மகள் தவழ ஆரம்பித்த சமயம், எங்கள் ஊர்ப் பாலை இரண்டு கேனில் சைக்கிளில் கட்டி, கரட்டு மேட்டுக்கு மேலே தார் ரோட்டில் சேர்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பால் வண்டி ஏழு மணிக்கு வரும். ஐந்து நிமிஷம்தான் நிற்கும். மூன்று தடவை தவறினால் வேறு ஆள் என்று பால் சங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் கிளம்பலாம் என்றால், மாடு கறக்கிற நேரம் நம் கையிலா இருக்கிறது?

முதல் நாள் வேகம்

வேகத்திலேயே ஏறிவிடலாம் என்று அடியிலிருந்தே எக்கி எக்கி மிதித்தேன். பாதி மேட்டில் நெஞ்சு அடைத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால், வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. மறுநாளும் அதே கதை. பால் கொடுக்கிற பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "ஏன் அம்மிணி, நாளைக்கும் இப்படித்தானா? உறைமோர் எடுத்து வெக்கட்டுமா?"

தண்ணீர்க் கேன்

வீட்டுக்காரருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. அந்த ரிக் வண்டி வடக்கே கிளம்ப இருபது நாள் இருந்தது. அதுவரை காலையில் அவர் பால் கொண்டுபோனார். சாயங்காலம் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நான் மேடு ஏறினேன். முதலில் காலி கேன், பிறகு அரைக் கேன் தண்ணீர், அப்புறம் முழுக் கேன். மிதித்துக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைத் திக்காமல் சொல்ல முடிகிற வேகம்தான். திக்கினால் மிதியைக் குறைப்பேன்.

ஒருநாள் சங்கத்தில் பால் சோதிக்கிறவர் வழிமறித்து மூடியைத் திறந்தார். மூச்சுப் பழகுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். நம்பாமல் பால்மானியை முக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்: "பாலுல தண்ணி ஊத்தறவங்களப் பாத்திருக்கேன். பாலே இல்லாம ஊத்தறவங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

இருபத்தோராம் நாள்

வீட்டுக்காரர் கிளம்பிப் போய்விட்டார். குழந்தை பக்கத்து வீட்டு அக்காவிடம். கேனில் நிஜப் பால். பாதி மேட்டில் இருக்கும்போதே மேலே ஹாரன் கேட்டது. எழுந்து நின்று மிதிக்கக் கால் துடித்தது. அடக்கிக்கொண்டு, ஏழேழு நாற்பத்தொன்பது என்று அதே மிதியில் போனேன். வியர்வை கண்ணில் இறங்கியது, நான் இறங்கவில்லை.

மேலே வண்டி இன்னும் நின்றிருந்தது. டிரைவர் தாமே வந்து கேன்களைத் தூக்கினார்: "இந்த மேட்டுல இறங்காம வாரீங்களேன்னு வேடிக்கை பாத்துட்டே நின்னுட்டேனுங்க. இப்ப எனக்குத்தான் நேரமாயிருச்சு!"

மேடு இன்றைக்கும் அதே உயரம்தான். அதைத் திட்டிக்கொண்டே ஏற இப்போது எனக்கு மூச்சு மிச்சமிருக்கிறது, அவ்வளவே.