வலிக்கிறதா என்று கேட்டால்

அமெரிக்காவில், சான் ஹோசேயில் எலும்பு டாக்டருக்காகக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். ஒருகாலத்தில் பெரிய பேஸ்பால் பந்துவீச்சாளராம். கையை ஓங்கிய அவர் படம் சுவரிலேயே இருந்தது. இப்போது அந்த வலது கை மடியில் கிடக்க, இடது கையில் ஓர் ஆரஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தார்.

நான் எட்டாவதோடு நின்றவன், ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். தோள்வலி. வேலை செய்யலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச்சொல்லியிருந்தார் முதலாளி. நாலு நாளாகத் தூக்கமில்லை. தெரிந்த இங்கிலீஷில் அவரிடம் இதைச் சொல்லி, வெறுங்கையாலேயே பரோட்டா வீசிக் காட்டினேன்.

“நீ வீசறத யாராவது அடிப்பாங்களா?”

“இல்ல சார், சாப்பிடுவாங்க.”

“குடுத்து வச்சவன்பா நீ!” என்று சிரித்தார்.

“உங்க கைக்கு என்ன சார்?”

“மேட்சுக்கு முன்னாடி டாக்டர் வலிக்குதான்னு கேப்பார். இல்லேம்பேன். போய் ஜெயிப்பேன். இப்ப இந்தக் கையால தலை சீவ முடியல.”

என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் தோளை அழுத்தி, வலிக்கிறதா என்றார். உயிர் போனது.

“நோ” என்றேன்.

கடிதத்தோடு வெளியே வந்தேன். ஆரஞ்சு உருளுவது நின்றது. என் முகத்தையே பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.