லோகநாதன் அணைத்த தீ

போன செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூரில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திருப்பதி பக்கத்துப் புத்தூரிலிருந்து போன். "சார், அவரு போய்ட்டாரு" என்றார் லோகநாதனின் மனைவி மஞ்சுளா.

திருப்பதியில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் வேலையைச் செய்யத் திறந்த டேட்டா என்ட்ரி ஆபீசில் அப்போது நான் மேனேஜர், அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். அங்கே எங்களோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். மதியம் நாம் சாப்பிட எழுந்ததும் ஒவ்வொரு மானிட்டராக அணைத்துக்கொண்டே வருவார். "ஆளே இல்லாத சீட்டுக்கு எதுக்கு சார் கரண்டு?" என்பார். அவர் நடையை நடித்துக்காட்டிச் சிரித்தோம். முதலில் நடித்தவன் நான்தான்.

சில வருடம் கழித்துப் புது கம்ப்யூட்டர்கள் வந்ததும் பழைய நாற்பதையும் தள்ளிவிடச் சொன்னார்கள் முதலாளிகள். "மெமரி மாத்தினா இன்னும் மூணு வருஷம் ஓடும் சார், ஸ்கூலுக்குக் குடுத்துடலாம்" என்று கெஞ்சினார். "நீ இன்னா, கம்ப்யூட்டருக்கு டாக்டராப்பா?" என்று எல்லோர் முன்பும் கேட்டேன். அன்றே அத்தனையையும் பழைய இரும்புக் கடைக்காரரின் லாரியில் ஏற்றிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கண் சிவந்து வந்து நின்றார்.

"எங்க ஊட்டாண்ட ஏரிக்கரையில அந்தக் கடைக்காரன் நம்ம கம்ப்யூட்டர் ஒயரெல்லாம் கொளுத்திக்கினு இருக்கான் சார், செம்பு எடுக்கறதுக்கு. கொழந்தைங்க இருமிக்கினே கெடக்குதுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிறுத்துவான்."

போன் என் மேஜைமேல்தான் இருந்தது. "வித்தாச்சு, விடு" என்றேன்.

அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு அந்தக் கடைக்காரரிடமே போய்ச் சேர்ந்தார். எரிக்காமல் கையால் உரித்தே செம்பு எடுக்கலாம் என்று செய்துகாட்டினார். அவர் இல்லாத நேரம் பார்த்துக் கடை ஆட்கள் மறுபடி கொளுத்துவார்கள். ஓடிப்போய் மண்ணை வாரிப்போட்டு அணைப்பார். இப்படியே எத்தனையோ வருடங்கள். இப்போது அந்தக் கரையில் யாரும் கொளுத்துவதில்லை. ஆனால் அவர் நுரையீரல் போய்விட்டது. புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

போன மாதம் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"இப்ப இன்னாத்துக்கு சார் வந்தீங்க? அன்னிக்கு வந்து அந்தப் பொகையில ஒரு நிமிசம் நின்னிருக்கலாமே."

மஞ்சுளா கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அவர் என்னை மன்னிக்காமலேயே போனார். நண்பர்களே, அவருடைய நல்ல குணங்களை நீங்கள் பேசுங்கள். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்த மன்னிக்காமை. அதை வைத்துக்கொள்கிறேன்.