மாமாவின் இடது கையும் அம்மாவின் குலவையும்

விளக்கெண்ணெயும் வேர்வையும் ஊறிய தோலுக்கு ஒரு வாடை உண்டு. மாமா தன் குத்துச்சண்டை உறைகளைத் துடைத்து எண்ணெய் தடவி எங்கள் வீட்டு ஜன்னலில் மாட்டும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. முகத்தைச் சுளித்தால் அம்மா, "எந்தம்பி கை மணம்ட்டி, மூக்கப் பொத்தாத" என்று அதட்டுவாள். மாமா அவளுடைய ஒரே தம்பி. பகலெல்லாம் அரிசி மில்லில் மூட்டை சுமந்துவிட்டு, சாயங்காலம் ஆற்றில் குளித்து, பாளையங்கோட்டைக்கு ஓடிப்போய்க் குத்துச்சண்டை பழகியவர்.

போன வாரம் எங்கள் ஊர் வண்ணார்பேட்டை டீக்கடையில் ஒரு ஆள், மாமா ஆடிய மாநிலப் போட்டிக் கதையை எடுத்து, "அந்த மெட்ராஸ்காரன் அடி வாங்கியா விழுந்தான்? வேர்வையில வழுக்கி விழுந்தான்வே" என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் போட்டி நடந்த வருடம் இந்த ஆள் பிறந்தே இருக்கமாட்டான். மாமாவோடு மில்லில் வேலை பார்த்த கிழவர்களும் பக்கத்தில்தான் இருந்தார்கள். வலது கையா இடது கையா என்று தங்களுக்குள் சண்டை போட்டார்களே தவிர, ஒருவரும் அவன் வாயை அடைக்கவில்லை. நான் அடைத்தேன். இடது கை. நான் பார்த்தேன். அடி வாங்கித்தான் விழுந்தான்.

மாநிலப் போட்டியின் கடைசி ஆட்டம் பாளையங்கோட்டை மைதானத்தில் நடந்தது. பொம்பளைகளுக்கு அங்கே என்ன சோலி என்று ஆண்கள் தடுத்தும், அம்மா எங்கள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். மெட்ராஸ்காரன் நெட்டையாக இருந்தான். எட்ட நின்றே மாமாவின் முகத்தைப் புண்ணாக்கினான். கடைசிச் சுற்றில் மாமாவின் ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. இனி இவன் எங்கே அடிக்கப்போகிறான் என்று நினைத்தோ என்னவோ, மெட்ராஸ்காரன் கொஞ்சம் கையை இறக்கினான். மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிற மாதிரி இடுப்பைத் திருப்பி மாமா இடது கையை வீசினார். தாடையில் பட்டது. அவன் மடங்கி விழுந்தான்.

அம்மா குலவை போட்டாள். கோயில் கொடை விழாவில் சாமி இறங்கும்போது போடுவார்களே, அதே குலவை. தெருப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். விழுந்தவன் எழுந்திருக்கிறானா என்று நடுவர் பத்து வரை எண்ணுவார், அதற்குப் பிறகுதான் வெற்றி என்பது அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. விழுந்தான், முடிந்தது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நடுவரின் வாய் அசைந்தது; சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

நடுவர் எண்ணி முடித்ததும் மெட்ராஸ்காரனின் பயிற்சியாளர் மேடை ஏறிக் கத்தினார். எண்ணுவது தன் பையனுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எழுந்திருப்பான், இந்த முடிவு செல்லாது என்றார். மேஜையில் இருந்த போட்டி அதிகாரிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் அம்மாவையே பார்த்தார்.

மில் மேஸ்திரி அண்ணாச்சி பாய்ந்து வந்தார். "ஏட்டி, ஒன் வாயால ஒந்தம்பி சோலிய முடிச்சிட்டியே! இதுக்குத்தான் வராதன்னு சொன்னேன்."

அம்மா அசரவில்லை. "எந்தம்பி அடிச்சுச் சாச்சிருக்கான். நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமோ?" என்றாள்.

நடுவர் மதுரைப் பக்கத்துக்காரர். அவசரப்படாமல், முக்காலியில் உட்கார வைத்திருந்த மெட்ராஸ்காரனிடம் போனார்.

"தம்பி, நான் எண்ணுனது கேட்டுச்சா?"

"இல்ல சார்."

பயிற்சியாளர், "பாத்தீங்களா!" என்று குதித்தார்.

"சரி. பொம்பளைங்க குலவை போட்டது கேட்டுச்சா?"

அவன் நடுவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா குலவ சார்? எப்போ?"

ஊரையே தூக்கிய சத்தம் அது. அது காதில் விழாதவனுக்கு எண்ணியது மட்டும் எப்படி விழும்? நடுவர் நேரே வந்து மாமாவின் கையைத் தூக்கினார். மேஸ்திரி அண்ணாச்சி அம்மா பக்கம் திரும்பாமலே, "இப்பம் போடுட்டி" என்றார். அம்மா போட்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மாமா போய்விட்டார். மில் இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. அந்த மில்லில் மூட்டை தூக்கிய ஒருவன் மாநிலத்தை ஜெயித்தான் என்று சொல்ல அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. வழுக்கி விழுந்தான் என்று சொல்லத்தான் ஆள் இருக்கிறது.

குலவை போடவும் ஆள் இல்லை. போன மாதம் என் மகன் கல்யாணத்தில் தாலி கட்டும்போது மைக் செட்காரன் பதிவு செய்த குலவையைப் போட்டான். பெண்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"என்னட்டி இது, டப்பாக் கொலவ? அன்னைக்கு இந்த உசுரில்லாத கொலவயப் போட்டிருந்தா, விழுந்தவன் எந்திரிச்சு ஒக்காந்திருப்பாம்லா."