டிரைவரைச் சரிசெய்யப் போன சனிக்கிழமை

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தோசை சாப்பிட்டபடியே மடிக்கணினியைத் திறந்தேன். பக்கத்து நகரமான கிள்ளானிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

நான் மென்பொருள் பொறியாளர். ஓய்வு நேரத்தில் ஒரு 'டிரைவரை'ப் பராமரிக்கிறேன். ஒரு நிரல்மொழியில் எழுதிய மென்பொருளையும், தகவல்கள் சேமித்திருக்கும் டேட்டாபேஸையும் இணைக்கிற சின்ன நிரல் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் ஒதுங்கிய பிறகு நான் ஒருத்திதான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். அதைப் பயன்படுத்துகிற யாரையும் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

செய்தி அனுப்பியவர் ஒரு டயாலிசிஸ் மையத்தின் கணினிப் பொறுப்பாளர். டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து நோயாளிகளின் பதிவுகள் திறக்கவில்லையாம். என் கணினியில் சோதித்தேன். அந்தக் கோளாறு வரவே இல்லை. நேரில் வருகிறேன் என்று எழுதிவிட்டுக் காரை எடுத்தேன்.

மையத்தின் வாசலில் ஒரு தாதி நின்றிருந்தார். "டிரைவரைச் சரிபண்ண வந்திருக்கேன்க்கா" என்றேன்.

"எங்க டிரைவருக்கு ஒன்னும் இல்லையே லா. பின்னால வேன் கழுவிக்கிட்டு இருக்காரு."

சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் அது அடங்கிவிட்டது. நாற்காலிகளில் நோயாளிகள் காத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், என்ன மருந்து என்பதெல்லாம் அந்தக் கணினிக்குள் கிடந்தது. பந்திங் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் கால்கள் வீங்கியிருந்தன.

"கொஞ்சம் சீக்கிரம் பாரும்மா, மூச்சு வாங்குது" என்றார்.

பொறுப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டேட்டாபேஸ் அனுப்பும் பதிலை அப்படியே திரையில் வரவழைத்துப் பார்த்தேன். விஷயம் பிடிபட்டது. புதிய பதிப்பின் பதில் நீளமானது. அங்கிருந்த மெதுவான இணைப்பில் அது இரண்டு துண்டாக வந்தது. டிரைவரோ முதல் துண்டையே முழுப் பதில் என்று நினைத்து, தப்பு என்று இணைப்பை அறுத்துவிட்டது. என் வீட்டுக் கணினியில் எல்லாம் ஒரே துண்டாக வந்ததால் எனக்குத் தெரியவில்லை.

முழுப் பதிலும் வரும்வரை பொறுத்திருக்கும்படி சில வரிகள் எழுதினேன். முதல் முயற்சி தோற்றது. பெரியவர் இருமுவது கேட்டது. ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினேன்.

திரை முழுக்கப் பெயர்கள் வந்து நிறைந்தன.

பொறுப்பாளர் என் தோளைத் தட்டினார். தாதி எட்டிப் பார்த்து, "வந்துருச்சு. அங்கிள், வாங்க, ஏறிப் படுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. படுத்தபடியே பெரியவர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எந்தப் பதவி உயர்வுக்கும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

அங்கேயே உட்கார்ந்து திருத்தத்தை எல்லோருக்குமாக வெளியிட்டேன். பெயரே உச்சரிக்கத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் பலர், தங்களுக்கும் இதே கோளாறு இருந்து இப்போது சரியாகிவிட்டதாக எழுதினார்கள்.

இப்போதெல்லாம் பிழை என்று யார் எழுதினாலும், கோளாறைப் பற்றிக் கேட்பதற்கு முன், அங்கே யாராவது காத்திருக்கிறார்களா என்றுதான் கேட்கிறேன்.